கீழே உணவகம், மேலே குடியிருப்பு: பழங்கட்டடத்தை விற்பவர்கள் கேட்டவை

சொத்துப் பகுதிக்கு வந்த கடிதங்களில் இம்முறை ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தும் ஒரே வகைக் கட்டடத்தைப் பற்றியவை: தரைத்தளத்தில் உணவகம், மேல்தளங்களில் குடியிருப்புகள், வயது நூறை ஒட்டியோ அதைத் தாண்டியோ. இது புதிய அமைப்பு அன்று. ரோமாபுரியின் துறைமுகமான ஓஸ்தியாவில், 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அடுக்குக் குடியிருப்புகளின் தரைத்தளத்தில் கடைகள் இருந்தன. சமைத்த உணவும் பானமும் விற்ற கடையொன்றின் கல்மேடையை இன்றும் அங்கே காணலாம். மேலே குடியிருந்தவர்களுக்குக் கீழிருந்து வந்த புகை அன்றும் தொல்லையாகத்தான் இருந்திருக்கும்.

கேள்வி: எங்கள் பாட்டனார் வாங்கிய மூன்று மாடிக் கட்டடம் எனக்கும் என் தங்கைக்கும் பாத்தியப்பட்டிருக்கிறது. தரைத்தளத்தில் நெடுங்காலமாக ஓர் உணவகம் நடக்கிறது. மேலே ஆறு குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. எல்லாரையும் காலி செய்துவிட்டுக் காட்டினால்தான் நல்ல விலை கிடைக்கும் என்கிறார் தரகர். தங்கைக்கு அதில் உடன்பாடில்லை. யார் சொல்வது சரி?

பதில்: பெரும்பாலும் உங்கள் தங்கை சொல்வதே சரி. காலிக் கட்டடத்துக்குக் கூடுதல் விலை தருபவர், அதில் தாமே குடியேறவோ தொழில் நடத்தவோ போகிறவர், அல்லது உள்ளே பெரிய அளவில் மாற்றம் செய்யத் திட்டமிட்டிருப்பவர். பழமை காரணமாகப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் கட்டடத்தில் பெரிய மாற்றம் செய்ய அனுமதி எளிதில் கிடைக்காது என்பதால், அந்த இரண்டாம் வகையினர் இங்கே குறைவு. மற்றவர்கள் எல்லாரும் வருமானத்தை வாங்க வருகிறவர்கள். வருமானத்தை வெளியே அனுப்பிவிட்டு அவர்களுக்குச் சுவரை மட்டும் காட்டுவதில் பொருளில்லை.

அவர்கள் கணக்குப் போடும் முறையைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். ஆண்டு நிகர வருமானம் 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் உணவகம் தருவது 60, குடியிருப்புகள் தருவது 40. குடியிருப்புகளில் ஒரு குடும்பம் போனால் இன்னொன்று வரும் என்பதால், வாங்குபவர் அந்தப் பகுதியிலிருந்து 5 சதவீத வருவாயே போதும் என்பார். 40ஐ 5 சதவீதத்தால் வகுத்தால் 800. உணவகத் தொழில் ஆட்டங்காணும் தொழில் என்பதால் அங்கே அவர் 8 சதவீதம் எதிர்பார்ப்பார். 60ஐ 8 சதவீதத்தால் வகுத்தால் 750. ஆக, மொத்த மதிப்பு 1,550. இந்தச் சதவீதங்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. உங்கள் ஊரில் அவை வேறாக இருக்கும், ஆனால் கணக்கு இதேதான். மொத்த வருமானத்தையும் ஒரே விகிதத்தில் வகுத்து விலை சொல்லும் தரகரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள்.

இந்தக் கணக்கில் விற்பவர் பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. உங்கள் உணவகம் 60 தருகிறது. ஆனால் அதே தெருவில் அதே அளவுள்ள இடத்துக்கு 40தான் வாடகை என்றால், வாங்குபவர் 60ஐக் கணக்கில் எடுக்க மாட்டார். குத்தகை முடிந்ததும் வாடகை இறங்கிவிடும் என்று கருதி அவர் 40ஐ 8 சதவீதத்தால் வகுப்பார். 750 என்று நீங்கள் நினைத்தது 500 ஆகிவிடும். இதற்கு நேர்மாறாக, பழைய உறவை எண்ணி நீங்கள் குறைந்த வாடகைக்கு விட்டிருந்தால், அது எப்போது உயர முடியும் என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் பார்த்து, அந்த நாளைக் கருதிச் சற்றுக் கூட்டித் தருவார். இரண்டு நிலையிலும் விலையைத் தீர்மானிப்பது குத்தகை ஒப்பந்தத்தின் வாசகந்தான். இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம், வாடகை எந்தக் கணக்கில் உயரும், பழுது பார்ப்பது யார் பொறுப்பு, உணவகத்தார் வேறொருவருக்குக் கைமாற்றிவிட உரிமை உண்டா என்ற நான்கையும் விலை பேசுவதற்கு முன்பே நீங்கள் படித்திருக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லாமல் பழக்கத்தின் பேரில் நடந்துகொண்டிருந்தால், முதல் வேலையாக உணவகத்தாருடன் அமர்ந்து அதை எழுதி முடியுங்கள். விற்பதற்கு முன் நீங்கள் செய்யக்கூடிய வேலைகளில் இவ்வளவு பலன் தருவது வேறு எதுவும் இல்லை.

நிகர வருமானம் என்ற சொல்லிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. வரி, காப்பீடு, பழுது, இடையிடையே காலியாகக் கிடக்கும் மாதங்கள் ஆகியவற்றைக் கழித்த பிறகு நிற்பதே நிகரம். கட்டடத்தை உங்கள் குடும்பத்தில் ஒருவர் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறார் என்றால், அந்த வேலைக்கும் ஒரு சம்பளத்தைக் கழியுங்கள். நீங்கள் கழிக்காவிட்டால் வாங்குபவர் கழிப்பார். அப்போது உங்கள் மற்றக் கணக்குகளையும் அவர் நம்பமாட்டார்.

காலி செய்வதில் சட்டச் சிக்கலும் உண்டு. இங்கிலாந்தில், 1954ஆம் ஆண்டின் நில உரிமையாளர் - குத்தகைதாரர் சட்டப்படி, தொழில் நடத்தும் குத்தகைதாரர் காலம் முடிந்தபின் புதுக் குத்தகை கோரலாம். அந்த உரிமையை முன்கூட்டியே முறைப்படி விலக்கிக்கொண்டிருந்தால் ஒழிய, சட்டம் சொல்லும் காரணங்களுக்காக மட்டுமே உரிமையாளர் மறுக்க முடியும். அங்கேயே 1987ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு கட்டுப்பாட்டை வைத்திருக்கிறது. குடியிருப்பல்லாத பகுதி கட்டடத்தின் உட்பரப்பில் பாதியைத் தாண்டாமலும், குடியிருப்புகளில் பாதிக்கு மேல் சட்டப்படி தகுதியுள்ள குத்தகைதாரர்கள் வசமும் இருந்தால், கட்டடத்தை வெளியாருக்கு விற்குமுன் அவர்களுக்கு முதலில் விலை சொல்லியாக வேண்டும். நியாயமான காரணமின்றிச் சொல்லாமல் விற்பது குற்றம். வாடகைதாரரைப் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதால், உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் இரண்டே கேள்விகளைக் கேளுங்கள்: வெளியேற்ற எனக்கு உரிமை உண்டா, விற்கும்போது அவர்களுக்கு முன்னுரிமை உண்டா? பதில் வரும்வரை யாருக்கும் அறிவிப்புக் கடிதம் அனுப்பாதீர்கள்.

கேள்வி: எங்கள் கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. அதனால் விலை குறையும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். விளம்பரத்தில் அதைச் சொல்லாமல் விடலாமா?

பதில்: விடக்கூடாது. மறைத்தாலும் வாங்குபவரின் வழக்கறிஞர் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் எந்தப் பட்டியல் என்று தெளிவாகச் சொல்லுங்கள். குழப்பம் எல்லாம் அங்கேதான் பிறக்கிறது. அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த, வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் இடம்பெறுவது, தன் சொந்தப் பணத்தில் வேலை செய்யும் தனியார் உரிமையாளரின் கையைக் கட்டுவதில்லை; கட்டுவது நகராட்சி தனியாகப் போடும் உள்ளூர் அறிவிப்பு. இங்கிலாந்திலோ பட்டியலில் ஏறிய கட்டடத்தின் முகப்பு மட்டுமன்றி உட்புறமும் சேர்ந்தே பாதுகாக்கப்படுகிறது. படிக்கட்டின் கைப்பிடிக்கும் அனுமதி வேண்டியிருக்கலாம்.

உரிமையாளரைக் கட்டுப்படுத்த அரசுக்கு உரிமை உண்டா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின்மேல் ஓர் உயர்ந்த கட்டடம் எழுப்ப அனுமதி மறுக்கப்பட்டபோது, அதன் உரிமையாளரான ரயில்வே நிறுவனம் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்து 1978இல் தோற்றது. அந்தத் தீர்ப்பில் விற்பவருக்குப் பயனுள்ள செய்தி ஒன்று இருக்கிறது: கட்டாமல் விட்ட தளங்களின் உரிமையைப் பக்கத்து நிலங்களுக்கு மாற்றிக்கொள்ள நகரம் வழி வைத்திருந்தது என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது. இத்தகைய மாற்று உரிமை உங்கள் நகர விதிகளில் உண்டா என்று பாருங்கள். இருந்தால் அதுவே தனியாக விற்கக்கூடிய ஒரு சொத்து.

வரிச் சலுகைகளையும் விசாரியுங்கள். வருமானம் தரும் வரலாற்றுக் கட்டடத்தை விதிமுறைப்படி புதுப்பித்தால், செலவில் 20 சதவீதத்தை அமெரிக்கக் கூட்டாட்சி அரசு வரிக்கழிவாகத் தருகிறது. இந்தத் தொகை ஐந்து ஆண்டுகளில் பிரித்துக் கிடைக்கும். ஆனால் வேலை முடிந்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டடத்தை விற்றால், முதல் ஆண்டில் முழுவதும், பின்னர் ஆண்டுக்கு 20 சதவீதம் குறைந்துகொண்டே வரும் கணக்கில் அந்தச் சலுகையைத் திருப்பித் தர வேண்டும். அண்மையில் புதுப்பித்து முடித்தவர்கள் விலை பேசுமுன் நாட்காட்டியைப் பார்ப்பது நல்லது.

இன்னொன்று, அனுமதியின்றி நடந்த பழைய வேலை. இங்கிலாந்தில் பட்டியலில் உள்ள கட்டடத்தில் அனுமதியின்றி மாற்றம் செய்வது குற்றம். அதைச் சரிசெய்யச் சொல்லும் உத்தரவுக்குக் காலவரம்பு கிடையாது. அந்தப் பொறுப்பு கட்டடத்தோடு சேர்ந்து புதிய உரிமையாளரிடம் போகிறது. உங்கள் தந்தை காலத்தில் உடைத்த ஒரு சுவருக்காக இன்று வாங்குபவர் விலை குறைப்பது இதனால்தான். அப்படி ஏதேனும் இருந்தால், விற்குமுன் நீங்களே விண்ணப்பித்துப் பின்னேற்பு அனுமதி பெற முயலுங்கள்.

கேள்வி: மேல்தளத்தில் குடியிருப்போர் உணவகத்தின் புகை, வாடை, இரைச்சல் பற்றி ஓயாமல் குறை சொல்கிறார்கள். வாங்க வருபவர்கள் இதைக் கேட்டால் ஓடிவிடுவார்களா?

பதில்: குறை கேட்டு ஓடமாட்டார்கள், அதற்கு விடை இல்லாவிட்டால் ஓடுவார்கள். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இப்படிப்பட்ட கட்டடங்களின் விற்பனை முறியும் இடம் பெரும்பாலும் சமையலறைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய கட்டடம் ஒன்றை வாங்க நினைத்தவருடன் பார்வையிடப் போயிருந்தேன். முகப்பு அழகு, தளவரிசை அழகு, உணவகம் நிரம்பி வழிந்தது. வந்திருந்த பொறியாளர் இவை எதையும் பார்க்கவில்லை. அடுப்புக்கு மேலிருந்த புகையுறிஞ்சியின் வடிகட்டித் தட்டைக் கழற்றி, உள்ளே கைவிளக்கை அடித்தார். குழாயின் உட்சுவரில் விரற்கடை கனத்துக்குப் பழுப்பு நிறப் பிசுக்கு படிந்து, சில இடங்களில் சொட்டாகத் தொங்கியது. பிறகு மாடிக்குப் போய், அந்தக் குழாய் எங்கே போகிறது என்று தேடினார். அது முதல் தளக் குடியிருப்பின் பொய்க்கூரைக்குள் புகுந்து, தேக்கு உத்தரம் ஒன்றை உரசிக்கொண்டு மேலேறியது. உத்தரத்தின் அந்தப் பக்கம் கருத்திருந்தது. நகத்தால் கீறியபோது கரித்துகள் உதிர்ந்தது. பொறியாளர் ஒன்றும் பேசவில்லை, படம் எடுத்துக்கொண்டார். அந்த வாரமே பேச்சு நின்றுபோனது.

பிசுக்குப் படிந்த குழாயில் தீப்பொறி நுழைந்தால், குழாயே புகைபோக்கியாகி நெருப்பை மாடிக்குக் கொண்டுபோகும். பழங்கட்டடங்களில் தளங்கள் மரத்தாலானவை, இடைவெளிகள் உள்ளவை. நெருப்பு ஓரறையில் நிற்காது. வணிகச் சமையலறைப் புகையகற்றலுக்கு அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் வகுத்த 96ஆம் எண் நெறிமுறை, எரியக்கூடிய பொருளிலிருந்து குழாய் எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும், எவ்வளவு நாளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. மிகுந்த அளவில் சமைக்கும் இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை வேண்டும். உங்கள் நாட்டில் வேறு நெறிமுறை இருக்கலாம். எதுவாயினும், குழாயைச் சுத்தம் செய்த தேதியும் செய்தவரின் ரசீதும் கோப்பில் இருக்கின்றனவா என்பதைக் காப்பீட்டு நிறுவனம் கட்டாயம் கேட்கும். கட்டடத்துக்குக் காப்பீடு கிடைக்காவிட்டால் வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்காது.

ஆகவே செய்ய வேண்டியது இது. குழாய் குடியிருப்புகளின் ஊடே போகிறது என்றால், அதைப் பின்சுவரின் வெளிப்புறமாகவோ பயன்பாட்டில் இல்லாத பழைய புகைபோக்கியின் உள்ளாகவோ கொண்டுபோக முடியுமா என்று பாரம்பரியக் கட்டடங்களில் பழக்கமுள்ள கட்டடக்கலைஞரிடம் கேளுங்கள். பட்டியலில் உள்ள கட்டடத்தில் தெருவிலிருந்து தெரியும் குழாய்க்கு அனுமதி கிடைப்பது கடினம். பின்புறத்தில் ஓரளவு எளிது. வேலையை முடிக்கப் பணமில்லை என்றால், வரைபடமும் அனுமதியும் வாங்கி வைத்தாலே போதும், வாங்குபவர் அதற்கான செலவைக் கழித்துக்கொண்டு பேச்சைத் தொடர்வார். கணக்கிட முடிந்த குறை விலையைக் குறைக்கும். கணக்கிட முடியாத குறை வாங்குபவரையே விரட்டும். எண்ணெய் பிரிக்கும் தொட்டியையும் மறக்காதீர்கள்; பழைய சுட்டமண் குழாய்களில் உறைந்த கொழுப்பு அடைத்தால், கழிவுநீர் முதலில் பொங்குவது தரைத்தளத்தில்தான்.

இரைச்சலுக்கு எளிய தீர்வு இல்லை. மரத்தளத்தின் வழியே நாற்காலி இழுக்கும் ஓசையும் கேட்கும். உணவகத்தின் மேற்கூரையில் ஒலித்தடுப்பு அடுக்குப் போடலாம். ஆனால் அங்கே சுதை வேலைப்பாடு இருந்தால் அதை மூட அனுமதி கிடைக்காது. அப்போது மூடும் நேரத்தையும், பொருள் இறக்கும் நேரத்தையும், இசைக்கான வரம்பையும் உணவகத்தாரின் ஒப்பந்தத்தில் எழுதுவதே வழி. முதல் கேள்விக்குச் சொன்ன ஒப்பந்தம் இங்கும் உதவும்.

கேள்வி: தரைத்தளச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது. விற்குமுன் சிமென்ட் பூசி வண்ணம் அடித்துவிடலாம் என்றிருக்கிறோம். எந்த வண்ணம் நல்லது?

பதில்: எந்த வண்ணமும் வேண்டாம். போர்ட்லண்ட் சிமென்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றதே 1824இல்தான். அது வீட்டு வேலைகளில் பரவலாக வந்துசேர்ந்தது அதற்கும் வெகுகாலம் கழித்து. அதற்கு முந்தைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவை. அவை ஈரத்தை உறிஞ்சி, வெளியே விட்டு, மூச்சு விடுகின்றன. அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தேங்கி, உப்பு படிந்து, செங்கலை உதிர்க்கும். ஆறே மாதத்தில் பூச்சு பொருக்காக எழும்பும். புது வண்ண வாடை அடிக்கும் பழஞ்சுவரைக் கண்டதும் அனுபவமுள்ள எவரும் முதலில் அந்தச் சுவரைத்தான் தட்டிப் பார்ப்பார்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்; பத்தில் ஐந்து முறை அது உடைந்த மழைநீர்க் குழாயாகவோ, உயர்ந்துபோன வெளித்தரையாகவோ இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைச் சரிசெய்துவிட்டுச் சுண்ணாம்புக் காரையே பூசுங்கள்.

பழைய வண்ணத்தைச் சுரண்டவும் வேண்டாம். அமெரிக்காவில் வீடுகளுக்கான ஈய வண்ணம் 1978இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் கட்டிய வீட்டை விற்பவர், ஈய வண்ணம் பற்றித் தமக்குத் தெரிந்ததை வாங்குபவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். கல்நாருக்குப் பிரிட்டனில் முழுத் தடை 1999இல் வந்தது. சமையலறைக் குழாய்களைச் சுற்றிய பழைய உறைகளில் அது இருக்கக்கூடும் என்பதால், சோதித்துப் பார்க்காமல் எதையும் பிய்க்காதீர்கள்.

கேள்வி: மொத்தமாக விற்பதைவிட, ஒவ்வொரு குடியிருப்பையும் உணவகப் பகுதியையும் தனித்தனியாக விற்றால் கூடுதல் பணம் வரும் அல்லவா? உணவகத்தார் தாமே தரைத்தளத்தை வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். பழைய பெயர்ப்பலகையும் பளிங்கு மேடையும் தம்முடையவை என்றும் சொல்கிறார்.

பதில்: கூட்டிப் பார்த்தால் கூடுதல் தொகை வரலாம், கையில் நிற்பது அதைவிடக் குறைவாகவே இருக்கும். ஒரே கட்டடத்தைப் பலர் துண்டுதுண்டாகச் சொந்தம் கொள்வதற்கான சட்டங்கள் பல நாடுகளில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் வந்தன: ஜெர்மனியில் 1951, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சில் 1961, பிரான்சில் இன்றைய சட்டம் 1965. உங்கள் கட்டடம் இவற்றுக்கு முன் ஒரே உரிமையாளரை நினைத்துக் கட்டியது. ஒரே நீர்த்தொட்டி, ஒரே கழிவுக் குழாய், ஒரே மின்இணைப்பு. இவற்றைப் பிரிக்கும் செலவை முதலில் கேட்டறியுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் கூரையும் முகப்பும். கூரையை ஓடு மாற்றும்போது தரைத்தள உணவகத்தார் தமக்கென்ன என்பார். முகப்பைச் செப்பனிடும்போது பின்பக்கக் குடியிருப்புக்காரர் அதையே சொல்வார். பாரம்பரியக் கட்டடத்தில் இரண்டும் விலையுயர்ந்த வேலைகள். பங்கீட்டு விகிதத்தையும் பொது நிதியையும் முதல் விற்பனைக்கு முன்பே பத்திரத்தில் எழுதாவிட்டால், பின்னர் யாரையும் ஒப்பவைக்க முடியாது. உணவகத்தாருக்குத் தரைத்தளத்தைத் தனியாகக் கொடுத்தால், மேல்தளங்களை வாங்க வருபவர் இன்னும் தயங்குவார். குத்தகைதாரராக இருக்கும்வரை புகைக்கும் இரைச்சலுக்கும் நிபந்தனை போட முடிந்தது. அவரே உரிமையாளராகிவிட்டால் அந்தப் பிடி போய்விடும். அவர் உண்மையிலேயே வாங்க விரும்பினால், முழுக் கட்டடத்துக்கும் விலை கேளுங்கள். மேல்தளக் குடியிருப்புகளின் வாடகை அவருடைய கடன் தவணைக்கு உதவும் என்பதை அவரே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

பெயர்ப்பலகை விஷயத்தில் இரண்டைப் பிரித்துப் பாருங்கள். உணவகத்தின் பெயரும் அதன் நற்பெயரும் நடத்துபவருடையவை. உங்கள் குடும்பத்தார் வைத்த பெயர் என்று எழுத்தில் ஆதாரம் இருந்தால் மட்டும் நிலைமை மாறும். பளிங்கு மேடை வேறு. கட்டடத்தோடு பிணைத்துப் பதித்த பொருள் பொதுவாகக் கட்டடத்தின் பகுதியாகக் கருதப்படும். கட்டடம் பட்டியலில் இருந்தால், அதை யார் செலவில் செய்திருந்தாலும் அனுமதியின்றிப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. மேசை, நாற்காலி, அடுப்பு, குளிர்பெட்டி ஆகியவை அவருடையவை. புகையுறிஞ்சி யாருடையது என்பதில்தான் கடைசி நாளில் சண்டை வரும். இப்போதே இருவரும் சமையலறையில் ஒரு சுற்று நடந்து, பொருள் பொருளாகப் பட்டியல் எழுதி, படத்துடன் கையெழுத்திட்டு விற்பனை ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள்.